ரிவர்ஸில் மட்டும் எரியும் விளக்கு

மாமியார் மருமகனைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்று சொன்னால் பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். எர்த்துக்கு மட்டும் அதைக் கேட்கும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்திவைத்தது போலிருந்தது.

எர்த்து என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவன் கார் எலெக்ட்ரீஷியன். எந்த வண்டி வந்தாலும், என்ன கோளாறு என்றாலும், பானட்டைத் திறப்பதற்கு முன்பே "எர்த் பார்த்தீங்களா?" என்று கேட்பான். ஹாரன் அடிக்கவில்லை என்றாலும் எர்த், கண்ணாடி இறங்கவில்லை என்றாலும் எர்த். ஒருமுறை டயர் பஞ்சர் என்று வந்தவரிடமும் வாய் தவறி அதையே கேட்டுத் தொலைத்தான். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

அவன் மாமியார் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் வைத்துக்கொண்டு, தெரு அதிர "கிளட்ச்சு! கிளட்ச்சு!" என்று கத்துவதால் கிளட்ச்சம்மா என்று பெயர். அந்தக் காரில் ஏறுகிற எவரும் அவருக்கு நீதான். தொப்பை விழுந்த மேனேஜரும் நீ, நேற்று காலேஜில் சேர்ந்த பெண்ணும் நீ. "கண்ணை ரோட்டுல வை, கியர்ல என்ன புதையலா இருக்கு?" என்று ஒரே குரலில் எல்லாரையும் விரட்டுவார். திட்டு வாங்கியவர்கள் போய் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடுவார்கள்.

எர்த்தும் ஒரு காலத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். கல்யாணப் பேச்சு வந்த அன்று அவன் நீங்க ஆனான். இன்றுவரை நீங்கதான்.

இதில் அவன் பக்கம் நியாயம் கொஞ்சம்கூடக் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடலாம். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியும். நன்றாகவே தெரியும். டிரைவிங் ஸ்கூலின் முன்னறையில் ரசீது போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவளைத் தினமும் பார்க்க வேறு வழி அவனுக்குத் தோன்றவில்லை. "கார்னா எந்தப் பக்கம் ஏறணும்னே தெரியாதுங்க டீச்சர்" என்று முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். சேர்ந்த பிறகு வண்டியை நிறுத்தி நிறுத்தி அணைத்தான், குலுக்கினான், மைதானத்து ஓரத்தில் நிறுத்தியிருந்த டிரம்மில் இடித்தான். பெண் சம்மதித்து, பேசி முடிக்கப் போன இடத்தில் அவனுடைய கூட்டாளி, ஸ்பேனர் என்று ஒரு மெக்கானிக், பெருமை தாங்காமல் வாயை விட்டான். "இவனா? மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே லாரியை ரிவர்ஸ்ல எடுத்தவன் இவன்! பொண்ணைப் பார்க்கத்தானே கிளாஸுக்கே போனான்!"

எல்லாரும் சிரித்தார்கள். கிளட்ச்சம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்க" என்றார் அவனிடம். அந்த ங்க அன்றிலிருந்து போகவேயில்லை.

இப்போது அந்த டிரைவிங் ஸ்கூல் காருக்குத்தான் சீக்கு. டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும், வண்டி இழுக்காது, நின்ற இடத்தில் இருமும். வேறொரு பட்டறையில் காட்டினார்கள், ஒரு பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள், விளக்கு மறுபடி எரிந்தது. வீட்டிலேயே எலெக்ட்ரீஷியன் இருக்க ஏன் வெளியே போக வேண்டும் என்று மகள் கேட்டதற்கு, "அவருக்கு எதுக்குடி சிரமம்?" என்றாராம். கடைசியில் கிளாஸையே நிறுத்திவைக்கும்படி ஆனதும்தான், "சரி, பார்க்கட்டும்" என்று இறங்கிவந்தார்.

எர்த்து ஸ்கேனரையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவன் மனதில் ஒரே கணக்கு. வண்டியைச் சரி செய்துவிட்டால் அத்தை மனம் இளகும், ஒரே ஒருமுறை வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிடுவார். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் வேண்டாம். இப்போதெல்லாம் அவர் அவனை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. அவன் பக்கத்தில் நிற்கும்போதே மகளிடம், "உன் வீட்டுக்காரர் சாப்பிட்டாரான்னு கேளு" என்பார்.

"வண்டி கொட்டகையில நிக்குதுங்க. சாவி உள்ளதான் இருக்கு. பார்த்துக்கோங்க" என்றார் அன்றைக்கும்.

"சரிங்க அத்தை."

அத்தை என்றதற்கு அவர் திரும்பவில்லை.

டிரைவிங் ஸ்கூல் கொட்டகை தகரம் போட்டது. அதற்கு எதிரே பயிற்சி மைதானம், ஓரம் முழுக்க நசுங்கிய டிரம்கள். அவற்றில் நாலைந்து நசுங்கல் எர்த்தின் கைவண்ணம் என்பதால் அந்தப் பக்கம் பார்க்காமல் பானட்டைத் தூக்கினான்.

ஸ்கேனரைச் செருகியதும் அது, 'வால்வ் சோலனாய்டு சர்க்யூட்' என்றது. என்ஜினுக்குள் காற்று போகிற வாசலும் புகை வெளியேறுகிற வாசலும்தான் வால்வுகள். வேகத்துக்குத் தகுந்தபடி அவை சற்று முந்தித் திறக்க வேண்டும், சற்றுப் பிந்தித் திறக்க வேண்டும். அந்த நேரத்தை மாற்றுவது ஆயில். ஆயிலுக்கு வழி விடுகிற, கட்டைவிரல் பருமனில், கரண்டில் வேலை செய்கிற சின்ன உருளைதான் சோலனாய்டு. அதற்கு வருவது இரண்டே ஒயர், ஒன்று கரண்டுக்கு, இன்னொன்று வண்டியின் கம்ப்யூட்டர் தரும் கட்டளைக்கு. முன்பு பார்த்தவர்கள் சோலனாய்டு என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திக்கொண்டு அதைக் கழற்றிப் புதிதாக மாட்டியிருந்தார்கள். சர்க்யூட் என்றும் எழுதியிருக்கிறதே என்று எர்த்துக்கு ஒரே குஷி.

முதலில் எர்த் பார்த்தான், பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. எர்த் நன்றாக இருந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஒயர்களை உருளையோடு இணைக்கிற கப்ளரைக் கழற்றி, உருளையின் காயிலுக்கு மீட்டர் வைத்தான், சரியான அளவு காட்டியது. சாவியைப் போட்டுக் கப்ளரில் பார்த்தான், கரண்ட் முழுசாக வந்தது. கம்ப்யூட்டர் வரைக்கும் ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், எங்கும் அறுபடவில்லை. கப்ளரை மாட்டினான், என்ஜினை ஓட்டினான், விளக்கு வரவில்லை. ஒயரைப் பிடித்து ஆட்டினான், அசைத்தான், ஊதினான். என்ஜின் தாலாட்டுப் பாடாத குறையாக அமைதியாக ஓடியது.

இந்த நிலைமையில் எந்த எலெக்ட்ரீஷியனும் செய்வதைத்தான் அவனும் செய்தான், கூட்டாளிக்கு போன் போட்டான். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, தலையை பானட்டுக்குள் விட்டபடி பேச ஆரம்பித்தான். டீ டம்ளரோடு கிளட்ச்சம்மா பின்னால் வந்து நின்றது அவனுக்குத் தெரியாது. ஸ்பேனர் என்ன சொன்னான் என்பது அவருக்குக் கேட்காது. அவருக்குக் கேட்டது இவ்வளவுதான்:

"எல்லாம் பார்த்துட்டேன்டா. லூசுதான். சந்தேகமே இல்ல."

"..."

"அதான் வெளியில தெரியாதே! பார்த்தா கம்முனு நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள லூசு. வேலைன்னு வந்துட்டா கிறுக்குப் பிடிச்சிடுது."

"..."

"வயசாச்சுல்ல? இத்தனை வருஷமா ஆட்டமா ஆடினா லூசாகாம என்ன செய்யும்?"

"..."

"அதட்டி இழுத்தா கையோட வந்துடும்டா. நாமதான் பக்குவமா அனுசரிச்சுப் போகணும். வேற வழி? புதுசா மாத்தணும்னா இந்த மாடலுக்குக் கிடைக்கணுமே!"

டம்ளர் டிரம்மின் மேல் ணங்கென்று உட்கார்ந்த சத்தத்தில் எர்த்து நிமிர்ந்தான், பானட்டில் தலையை இடித்துக்கொண்டான். கிளட்ச்சம்மா முன்னறையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். உள்ளே மகளிடம் அவர் சொன்னது வெளியே தெளிவாகக் கேட்டது.

"உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு. லூசு டீ வச்சிட்டு வந்திருக்குன்னு."

எர்த்தின் மனைவி வெளியே வந்தாள். அவளுக்கு எதிலும் பதற்றம் கிடையாது. புருஷனும் அம்மாவும் மோதிக்கொள்ளும்போது வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டுக்கொள்கிற ரகம். "அம்மாவை லூசுன்னு சொன்னீங்களாமே. மாடல் பழசு, மாத்த முடியாதுன்னும் சொன்னீங்களாம்" என்றாள்.

"ஐயோ, கப்ளரைச் சொன்னேன்! லூஸ் கனெக்ஷன்!"

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? உள்ள போய்ச் சொல்லுங்க."

உள்ளே போய்ச் சொன்னான். கையைப் பிசைந்துகொண்டு, ஒயர் என்றான், பின் என்றான், ஆடுது என்றான். கிளட்ச்சம்மா முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு மிகுந்த மரியாதையோடு, "அப்படிங்களா? அப்ப அந்த லூசை எனக்குக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். காட்ட வேண்டிய லூசு வரவே மாட்டேன் என்றது. அவன் மைதானத்தைச் சுற்றி ஓட்டிக் காட்டினான். மேட்டில் ஏற்றினான், பள்ளத்தில் இறக்கினான், ரிவர்ஸும் எடுத்தான். கார் வெண்ணெய் மாதிரிப் போனது. "விளக்கு எங்கேங்க?" என்று கேட்டார் கிளட்ச்சம்மா. பிறகு அவரே ஓட்டினார். அப்போதும் ஒன்றுமில்லை. இறங்கி வந்து, "கார்ல லூசு இல்லைன்னா வேற யாருகிட்ட இருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

எர்த்துக்கு அழுகை வராத குறை. மாப்பிள்ளை பட்டம் போகட்டும், இருக்கிற நீங்கவும் போய் வெறும் மௌனம் ஆகிவிடும் போலிருந்தது. கடைசி முயற்சியாக, "அத்தை, கோவத்தை ஒரு நிமிஷம் ஓரமா வச்சிட்டுச் சொல்லுங்க. விளக்கு எரியும்போது வண்டி என்ன செஞ்சிட்டிருக்கும்?" என்று கேட்டான்.

வண்டியைப் பற்றிக் கேட்டால் கிளட்ச்சம்மா பொய் சொல்ல மாட்டார், பதில் சொல்லாமலும் இருக்க மாட்டார். கண்ணை மூடி யோசித்தார்.

"ரிவர்ஸ்லதான் வரும். அதுவும் எல்லாருக்கும் வராது. புதுசா வர்றதுங்க கிளட்ச்சைப் படக்குன்னு விடும் பாருங்க, வண்டி குதிச்சு அணையும். மறுபடி ஸ்டார்ட் பண்ணா விளக்கு எரிஞ்சிட்டிருக்கும்."

எர்த்து துள்ளிக் குதித்தான். "அதான் விஷயம்! நாம ரெண்டு பேரும் ஒழுங்கா ஓட்டுறோம், அதான் வரல. யாராவது கேவலமா ஓட்டணும்!"

கிளாஸ் இல்லாத நாள், கற்றுக்கொள்கிறவர் ஒருவரும் வரவில்லை. கிளட்ச்சம்மாவே மறுபடி ஏறி, கிளட்ச்சைப் படக்கென்று விட முயன்றார். கால் கேட்கவில்லை. படக்கென்று விட வேண்டும் என்று மூளை சொல்லச் சொல்ல, பாதம் தன்பாட்டுக்கு நயமாக எழும்பியது. மூன்றாவது தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். மகளை ஏற்றினார். அவளும் அந்தத் தாய் வளர்த்த பிள்ளை, பூப்போல எடுத்துப் பூப்போல நிறுத்தினாள்.

"நம்ம மூணு பேருக்குமே தப்பா ஓட்டத் தெரியலையே" என்று எர்த்து பெருமூச்சு விட்டான்.

மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு பேருக்குமா? உங்களுக்கு அது கைவந்த கலையாச்சே!"

 எர்த்துக்குக் காது சூடேறியது. எந்த நாடகத்தை அத்தை மறக்க வேண்டும் என்று இத்தனை காலமாகத் தவம் கிடந்தானோ, அதை அவர் கண் முன்னால், அதே காரில், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நடித்துக்காட்ட வேண்டும். அவன் பரிதாபமாக மாமியாரைப் பார்த்தான். கிளட்ச்சம்மா போய்த் தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார், பெல்ட் போட்டுக்கொண்டார்.

"ஏறுங்க. மறந்திருக்க மாட்டீங்க" என்றார்.

எர்த்து ஏறினான். ரிவர்ஸ் போட்டான். பழைய மாணவனை உடம்புக்குள் வரவழைத்து, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தான். கார் முயல் மாதிரி ஒரு குதி குதித்தது, அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தான். விளக்கு வரவில்லை. இன்னொரு தடவை. ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து அமுக்கினான். கார் பின்னால் பாய்ந்து, உதறி, நேராக டிரம்மை நோக்கிப் போனது.

"கிளட்ச்சு! கிளட்ச்சு!" என்ற குரல் கொட்டகைத் தகரத்தில் எதிரொலித்தது. "எத்தனை தடவைடா சொல்றது உனக்கு! காலை மெல்ல எடு, மெல்ல! பின்னாடி யாரு பார்ப்பா, உன் தாத்தாவா? கண்ணாடியைப் பாருடா மடையா!"

மாமியாரின் பிரேக்கிலும் கிளட்ச்சிலும் கார் அணையாமல் நின்றது. டிரம்முக்கு ஒரு சாண் இடைவெளி. இருவரும் மூச்சு வாங்கினார்கள். எர்த்துக்குத் தலை முதல் கால் வரை ஜில்லென்றிருந்தது. டா போட்டுவிட்டார். மடையன் என்றுவிட்டார். அவன் சந்தோஷத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்க, கிளட்ச்சம்மா அவன் கையில் தட்டி டேஷ்போர்டைக் காட்டினார்.

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இந்தத் தடவை அவன் அவசரப்படவில்லை. இறங்கி, பானட்டைத் தூக்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணால் மட்டும் பார்த்தான். டார்ச் அடித்தான். சின்னக் கண்ணாடி ஒன்றைக் குச்சியில் வைத்து கப்ளரின் முதுகுக்குப் பின்னால் நீட்டினான். பார்த்ததும் மாமியாரைக் கூப்பிட்டான். கிளட்ச்சம்மா மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தார்.

"ரெண்டு ஒயர் உள்ள போகுது, தெரியுதுங்களா? ஒண்ணு ஒழுங்கா உள்ள இருக்கு. இன்னொண்ணு பாருங்க, கொஞ்சம் பின்வாங்கி நிக்குது. உள்ள ஒயர் நுனியில இருக்கிற பின்னைப் பிடிச்சுவைக்க நகம் மாதிரி ஒரு கொக்கி இருக்கும், அது உடைஞ்சிருக்கு. என்ஜினைத் தாங்குற ரப்பரும் தளர்ந்துபோச்சு. ரிவர்ஸ்ல கிளட்ச்சைப் படக்குன்னு விட்டா என்ஜின் எகிறும், ஒயரை இழுக்கும், பின் நழுவிடும்."

"அப்ப நீங்க மொதல்ல பார்த்தப்ப ஏன் தெரியல?"

எர்த்து தலையைச் சொறிந்தான். "கப்ளரைக் கழற்றி மாட்டும்போது என் கட்டைவிரல்தான் அதை உள்ள தள்ளிடுச்சு. நான் சோதிக்கச் சோதிக்க நானே சரி பண்ணி வச்சிட்டிருந்தேன். அவங்க புது சோலனாய்டு மாட்டினப்பவும் இதான் நடந்திருக்கும்."

இதைச் சொல்லி, பின்வாங்கி நின்ற ஒயரை விரலால் லேசாக அமுக்கினான். அது உள்ளே போனது. விட்டு இழுத்தான், வெளியே வந்தது.

"இதுதான் அத்தை நான் சொன்ன லூசு" என்றான். கிளட்ச்சம்மாவின் மகள் நாற்காலியிலிருந்து, "நல்லா பார்த்துக்கோம்மா, ஜாடை இருக்கான்னு" என்றாள்.

மற்றதெல்லாம் கைவேலை. புதுக் கொக்கியுள்ள பின்னை ஒயரின் நுனியில் நசுக்கிப் பொருத்தினான், ஒயர் இழுபடாதபடி கொஞ்சம் தளர்த்தி வேறு பாதையில் விட்டுக் கட்டினான், என்ஜின் ரப்பரைக் கூட்டாளி ஸ்பேனரை வரவழைத்து மாற்றிக்கொள்ளலாம் என்றான். ஸ்கேனரில் பழைய பதிவை அழித்தான். கை கழுவிவிட்டு, துணியில் துடைத்துக்கொண்டே மாமியார் முன்னால் வந்து நின்றான். பரிசுக்கு நிற்கிற பிள்ளை மாதிரிதான் நின்றான், அதை மறைக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை.

"ரொம்ப நன்றிங்க. உங்களுக்குத்தான் வீணா அலைச்சல்" என்றார் கிளட்ச்சம்மா.

நீங்க திரும்பி வந்துவிட்டது. காரில் கிடைத்த டா காரோடு போயிற்று. எர்த்தின் முகம் சுருங்கியதைப் பார்த்து மனைவிக்கே பாவமாகிவிட்டது. "இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்திடுங்க ரெண்டு பேரும், விளக்கு வருதான்னு" என்று சொல்லிவிட்டு, வேலை இருப்பதுபோல் முன்னறைக்குள் போனாள்.

காரில் ஏறிக் கதவை மூடியதும் எர்த்து சாவியைத் திருப்பவில்லை.

"அத்தை, தப்புத்தான். ஓட்டத் தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னு பொய் சொன்னேன். எத்தனை நாளைக்குத்தான் இப்படி நீங்க நாங்கன்னு தள்ளி வைப்பீங்க? நாலு அடி வேணா அடிச்சிடுங்க."

கிளட்ச்சம்மா நேராக டிரம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியும்னு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார்.

"எப்படி?"

"பெல்ட் போடும்போது உங்க பையிலிருந்து லைசென்ஸ் கீழ விழுந்துச்சு. நான்தான் எடுத்து உங்க சட்டைப் பையில செருகி விட்டேன். நீங்க அந்த நேரத்துல ஜன்னல் வழியா ஆபீஸ் ரூமைப் பார்த்திட்டிருந்தீங்க."

 "அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொல்ல என்ன இருக்கு? ஓட்டத் தெரிஞ்சவங்களும் வருவாங்க, கெட்ட பழக்கத்தைத் திருத்திக்க. கண்ணாடி பார்க்காம வண்டியை எடுக்கிற பழக்கம் உங்களுக்கு. நான் கத்துறேனே, ஊர்ல எல்லாரும் கேலி பண்றாங்களே, அதைக் கேக்கணும்னு ஒருத்தன் தேடி வந்து உக்காந்திருக்கான்னு நினைச்சேன். எவ்வளவு திட்டினாலும் சிரிச்சிட்டே வாங்கிப்பீங்க. சாயங்காலம் ஆனா இன்னிக்கு என்ன சொல்லித் திட்டலாம்னு யோசிச்சு வைப்பேன்." அவர் பெல்ட்டை இழுத்துச் சரி செய்தார். "நீ எனக்காக வந்தேன்னு நினைச்சேன். எல்லாரும் சிரிக்கிற நேரத்துல உன் கூட்டாளி சொல்லித்தான் தெரிஞ்சுது, நீ பொண்ணைப் பார்க்க வந்தேன்னு. எனக்கு ரொம்ப வலிச்சுது."

எர்த்து அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"டீச்சர்" என்றான். அத்தை என்று வரவில்லை, பழைய சொல்தான் வந்தது. "முதல் தடவை சேர்ந்தது அவளுக்காகத்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த கிளாஸெல்லாம் முடிஞ்சதும், பார்க்கிங் சரியா வரலைன்னு மறுபடி சேர்ந்தேனே, ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடியே அவ சரின்னு சொல்லிட்டா. அவளைக் கேட்டுப் பாருங்க. வாசல்ல நின்னாலே பேசலாம், காருக்குள்ள வரவேண்டிய அவசியமே இல்ல. எங்க வீட்டுல அம்மா போனதுக்கப்புறம் என்னை யாரும் திட்டினதே கிடையாது. கோவம் வந்தாக்கூட பேசாம எழுந்து போயிடுவாங்க. நீங்க திட்டினீங்க. அதுக்காகத்தான் மறுபடி சேர்ந்தேன்."

கிளட்ச்சம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, பிரேக்கின் மேல் காலை வைத்தார்.

"சும்மா பேசிட்டிருந்தா விளக்கு வருமா? வண்டியை எடு" என்றார்.

எர்த்து சாவியைத் திருப்பினான்.

"ரிவர்ஸ் போடு. அதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாரு. இன்னிக்காவது பாருடா."

பார்த்தான். கண்ணாடியில் டிரம் தெரிந்ததா மைதானம் தெரிந்ததா என்று சொல்லத் தெரியாத அளவுக்கு எல்லாம் கலங்கலாக இருந்தது. கிளட்ச்சிலிருந்த கால் உதறியது. லாரியை ரிவர்ஸில் எடுத்தவன், பட்டறையில் நிற்கிற அத்தனை வண்டிகளையும் ஒரே கையால் திருப்பி விடுகிறவன், காலைத் தூக்கினான். கார் ஒரு குதி குதித்து அணைந்தது.

கிளட்ச்சம்மா அவனைக் கூர்ந்து பார்த்தார்.

"டேய், இது நடிப்பா நிஜமா?"

"நிஜந்தான் டீச்சர்" என்றான் எர்த்து. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லை, ஆனால் இரண்டு பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.